இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தவள்

தெருநாய்களைப் பராமரிக்கும் ஷெல்டரில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரோஸி. செவலை நிறம், ஐந்து வயது, ஒரு காதின் நுனி வெட்டுப்பட்டிருக்கும். கருத்தடை முடிந்த தெருநாய்க்கு அடையாளமாகப் போடும் வெட்டு அது. மற்ற நாய்களெல்லாம் கம்பிமேல் காலைப் போட்டுக் குரைத்துக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போனது குட்டி எடுக்கத்தான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டில் இருப்பது அத்தை மட்டும், அவருக்கு மூட்டுவலி. இதைக் கேட்டதுமே அங்கிருந்த தன்னார்வலர் சொல்லிவிட்டார்: "குட்டின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே தூக்கிட்டுப் போகணும், கண்டதையும் கடிக்கும். அம்மாவால முடியாது. பெரிய நாய் பாருங்க." பெரிய நாய் புதிய வீட்டில் ஒட்டாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தவறு. குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்த குணம். இவள் பூனையைத் துரத்த மாட்டாள், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தாலும் உறும மாட்டாள், தனியாக விட்டால் மட்டும் கொஞ்ச நேரம் அழுவாள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சொன்னபடிதான் இருந்தாள்.

தத்தெடுக்கக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. கேள்விகள்தான் நிறைய. சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் ஓனர் சம்மதத்தை வாட்ஸப்பிலாவது எழுதி வாங்கினீர்களா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது? வேலை மாற்றலானால்? கட்டிப்போட்டு வளர்ப்பீர்களா? ஆதார் நகல், இரண்டு பேருடைய போன் நம்பர், எக்காரணம் கொண்டும் தெருவில் விட மாட்டோம், முடியாவிட்டால் இங்கேயே கொண்டுவந்து ஒப்படைப்போம் என்று உறுதிமொழிக் கடிதம். அடுத்த வாரம் இருவர் வீட்டுக்கே வந்து பால்கனி கம்பிக்குள் தலை நுழையுமா என்று கையை விட்டுப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒருவர் அத்தையிடம் நேராகக் கேட்டார்: "அம்மா, உங்களுக்குச் சம்மதமா?"

அத்தைக்குக் கோவில்பட்டி பக்கம். மனதில் பட்டதைச் சொல்கிறவர். "எங்க ஊர்ல நாய் வாசல்ல கெடக்கும். மிஞ்சுன சோத்தப் போடுவோம். வீட்டுக்குள்ள எதுக்குன்னுதான் நான் கேக்கேன்."

எங்கள் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெருவில் எத்தனையோ நாய் பட்டினி கிடக்கிறது, நல்ல வீடு தருகிறோம் என்பவர்களை இப்படி அலைக்கழிக்கலாமா என்று போனில் சண்டையே போட்டேன். அப்போதுதான் சொன்னார்கள், ரோஸியை ஏற்கெனவே ஒரு குடும்பம் அழைத்துப்போய்ப் பதினோராவது நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாக. வீட்டில் ஒருவருக்குப் பிடிக்கவில்லையாம், அதுவும் அழைத்துப்போன பிறகு தெரிந்திருக்கிறது. திரும்பி வந்தவள் கேட் பக்கம் பார்த்தபடியே நான்கு நாள் சாப்பிடவில்லை. அதுவரை கம்பியோரம் வந்து நிற்கிறவள், அதற்குப் பிறகுதான் பின்சுவருக்குப் போனாள்.

அதற்குமேல் பேச எனக்கு எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அத்தையையும் அழைத்துப்போனோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அண்டாவில் அரிசியும் கோழிக்கழிவும் வெந்துகொண்டிருந்தது. "மஞ்சப்பொடி போட்டிங்களா?" என்று சமைப்பவரிடம் கேட்டு, போட்டதாகத் தெரிந்த பிறகுதான் அத்தை சமாதானமானார். ரோஸியைத் திறந்துவிட்டார்கள். மெதுவாக வந்து அத்தையின் பாதத்தை முகர்ந்தாள். ஒரு முழம் தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "முதுகைக் காட்டி உக்காந்தா பயமில்லைன்னு அர்த்தம்மா" என்றார் தன்னார்வலர். அத்தை எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் தாம்பரம் தாண்டியதும், "ரெண்டு தடவ வீடு மாறுனா யாருக்குத்தான் மனசு கலங்காது? கூட்டிட்டு வாட்டி" என்றார்.

குடியிருப்போர் சங்கத்தில் ஒரு தடங்கல் வந்தது. எங்கள் பிளாட்டில் நாய்க்கு அனுமதி இல்லை என்றார் செயலாளர். விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பெரும்பான்மையோர் கேட்டுக்கொண்டாலும் வளர்ப்பு நாய்க்குச் சங்கம் தடை போட முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழை வைத்து மாநகராட்சி உரிமமும் எடுத்துவிட்டோம். அப்போது ஆன்லைனில் 50 ரூபாய்தான். அந்தத் தாளைப் பார்த்த பிறகு பேச்சு நின்றது.

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அழைத்துவந்தோம். வந்தவள் நேராக வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் படுத்தாள். ஒரு பகல், ஓர் இரவு முழுக்கச் சிறுநீர்கூடப் போகவில்லை. தெருநாய் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது. வெளியே வரவும் பயம், உள்ளேயே சிறுநீர் போகவும் மனமில்லை. இழுக்காதீர்கள், கொஞ்சாதீர்கள், சும்மா அதே அறையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. லிப்டுக்குள் வரவே மாட்டேன் என்றதால் மூன்று மாடியும் படியில் இறங்கினோம். இன்றைக்கும் படிதான்.

மூன்றாவது வாரம் சோர்ந்து படுத்துவிட்டாள். சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிப்போயிருந்தது. விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 1903இல் தொடங்கிய கல்லூரி. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு, பின்னால் கூண்டில் ஒரு கிளி. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 62,000தான் இருந்தன. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து உள்ளே போகும் கிருமி பல நாள் அமைதியாக இருந்து, உடம்பு தளர்ந்த நேரத்தில் தலைதூக்குமாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள், வயிறு நிறைந்த பிறகு. நாய் தேறியதும் பாதியில் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். தெருவிலிருந்தோ ஷெல்டரிலிருந்தோ நாய் எடுக்கிறவர்கள் முதல் மாதமே ரத்தம் பார்த்துவிடுங்கள். வெளியில் ஓர் உண்ணிகூடத் தெரியாவிட்டாலும் பாருங்கள்.

28 நாளும் மாத்திரையை இட்லித் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தது அத்தைதான். நாங்கள் கொடுத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவாள்.

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு அதே ஷெல்டருக்குப் போகிறேன். பணம் கொடுப்பதைவிட ஆள் போய் நிற்பது அங்கே பெரிய உதவி. கருத்தடைக்குப் பிடித்துவந்த நாயைத் தையல் ஆறியதும் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட வேண்டும், விதி அப்படி. அதற்கு வண்டி வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும். 'எங்கள் தெருவிலிருந்து மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போங்கள்' என்று போன் செய்கிறவர்களிடம் பொறுமையாகப் பேச ஓர் ஆள் வேண்டும். இருக்கிற நாய்களைத் தூக்கிவிட்டால், காலியான இடத்துக்கு ஊசி போடாத புது நாய்கள் வந்து சேரும். கருத்தடை வழியை 1964லேயே சென்னையில் தொடங்கியது புளூ கிராஸ். மாநகராட்சி கொல்வதை விட்டு இந்த வழிக்கு வர 1996 ஆனது.

அக்டோபர் மழைக்கு முன்னால் சாக்குகள் வேண்டும். தரை ஈரமாகிவிட்டால் வயதான நாய்கள் எழுந்திருக்கவே சிரமப்படும். பழைய பெட்ஷீட், செய்தித்தாள், பினாயில், எல்லாமே உதவும். தன் பழைய சேலையைக்கூட மடித்துக் கொடுத்தனுப்பினார் அத்தை. மேற்கு ஓரக் கூண்டில் ஒற்றைக்கண் கறுப்பு நாய் ஒன்று இருக்கிறது. எட்டு வயது, எட்டு மாதமாகக் காத்திருக்கிறது. கறுப்பு என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. போன ஞாயிறு அந்தச் சேலையை அதன் கூண்டில்தான் விரித்தேன். மூன்று சுற்று சுற்றிவிட்டு அதன்மேல் படுத்தது.