திறப்பு விழா நாளில் பூக்க வைப்பது எப்படி?

பெரிய விளையாட்டுப் போட்டிக்குப் பூந்தோட்டம் போடுபவருக்கு வண்ணத்தைவிட நாள்கணக்குதான் முதல் வேலை. லண்டன் ஒலிம்பிக் 2012 ஜூலை 27 அன்று தொடங்கியது. பாராலிம்பிக் முடிந்தது செப்டம்பர் 9 அன்று. தொடக்க நாளில் பூத்துக் குலுங்க வேண்டும், ஆறு வாரம் கழித்தும் பார்க்கும்படி இருக்க வேண்டும். எந்த ஒற்றைச் செடியும் அதைத் தராது.

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் நைஜல் டனெட்டும் ஜேம்ஸ் ஹிட்ச்மோவும் லண்டன் ஒலிம்பிக் பூங்காவுக்கு மலர்வெளிகளை வகுத்தார்கள். அரங்கைச் சுற்றிப் பொன்னிறம் பரவியது: கோரியாப்சிஸ், கலிபோர்னியா பாப்பி, மஞ்சள் காட்டுச் சாமந்தி, ஊடே நீலக் கார்ன்ஃப்ளவர். ஒன்று ஓயும்போது இன்னொன்று மேலெழும்படி கலப்பதுதான் இதன் உயிர்நாடி. பாத்தி பாத்தியாக நாற்று நட்டிருந்தால் வாடியதைப் பிடுங்கி மாற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கலப்பு விதைப்பில் வாடியதைப் பக்கத்துச் செடியே மறைத்துவிடும். பெரிய பரப்புக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஓராண்டுப் பூக்களுக்குச் சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிராம் விதை போதும். ஆயிரம் சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ. இவ்வளவு சொற்ப விதையைக் கையால் சீராகத் தூவ முடியாது. ஐந்து முதல் பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவுங்கள். வெளிர் மணலாக இருந்தால் விடுபட்ட இடம் கண்ணில் படும். பிறகு மெல்லக் கிளறி, உருளையால் அழுத்த வேண்டும். ஆழமாக மூடினால் நுண்விதைகள் முளைக்காது.

விதைத்ததிலிருந்து பூக்க 8 முதல் 10 வாரம் ஆகும். குளிர் நீடித்தால் 12 வாரம்கூட ஆகலாம். ஜூலைக் கடைசியில் பூக்க வேண்டுமென்றால் மே மாதத்தில் விதை விழுந்தாக வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல் வாரம் ஒன்றாக மூன்று தவணை போடுவது நல்லது. முந்தைய ஆண்டே அதே தேதியில் ஒரு துண்டு நிலத்திலாவது ஒத்திகை பார்த்துவிடுங்கள். விதைப் பையில் அச்சிட்ட நாள்கணக்கு உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

மலர்வெளி கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, மண்ணில் ஏற்கெனவே உறங்கும் களை விதை. விதைப்புக்கு முன் நிலத்தை நனைத்து, களையை முளைக்கவிட்டு, மேலாகச் சுரண்டி எடுங்கள். இதை இரண்டு முறை செய்ய வேண்டும். பல்லாண்டுச் செடி விதைப்புக்கு மண்ணின் மேல் 7.5 செ.மீ. மணல் பரப்பி, அந்த மணலிலேயே விதைக்கும் முறை உண்டு. கீழிருக்கும் களை மேலே வராது. இரண்டு, தழைச்சத்து மிகுதி. உரமிட்ட வளமான மண்ணில் இலை தழைக்கும், பூ தாமதமாகும், ஒரு பலத்த மழைக்கு மொத்தமும் படுத்துவிடும். இங்கே வறண்ட, மெலிந்த மண்தான் வரம்.

நுழைவாயிலுக்கும் மேடைக்கும் தொட்டிச் செடிதான் சரி. சாமந்தியை நாள் குறித்துப் பூக்க வைக்கலாம், ஏனென்றால் நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு விடும். மாலை 5 மணி முதல் காலை 8 மணிவரை கறுப்புத் துணியால் மூடினால், வகையைப் பொறுத்து 7 முதல் 11 வாரத்தில் பூக்கும். தள்ளிப்போட வேண்டுமென்றால் இரவு 10 முதல் 2 மணிவரை விளக்கு எரியவிட்டால் போதும். துணியில் ஓட்டை இருந்தாலோ தெருவிளக்கு எட்டிப்பார்த்தாலோ அந்தப் பக்கத்துத் தொட்டிகள் மட்டும் பின்தங்கும். துணிக்குள் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலும் மொட்டு தாமதமாகும். அதனால் கோடையில் மூடும் நேரத்தைச் சற்றுத் தள்ளி, காற்றோட்டமும் விடுங்கள்.

பல்லாண்டுச் செடிகளில், மொட்டுக் கட்டும் முன்பே மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டினால் பூப்பு சில வாரம் தள்ளும். கிளையும் அடர்ந்து வரும். பாதிச் செடிகளை வெட்டி மீதியை விட்டுவிட்டால் பூக்காலம் நீளும். மொட்டு வந்தபின் வெட்டினால் பலவற்றில் அந்த ஆண்டுப் பூவையே இழக்க நேரிடும்.

பூப்புதர்களை இப்படி வளைக்க முடியாது. அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டி ஏப்ரலில் நடக்கும். அங்குள்ள அசேலியாக்களின் புகழே அதற்கேற்பப் பூப்பதுதான். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் முந்தினால் போட்டிக்கு முன்பே உதிர்ந்துவிடும். 2020-இல் போட்டி நவம்பருக்குப் போனபோது அந்த வசந்தப் பூக்கோலம் இல்லாமலே ஆட்டம் நடந்தது. புதரையே நம்பியிருப்பவர்கள் பக்கத்தில் தொட்டிப் பூக்களையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

புல்லுக்கு இன்னும் குறைந்த அவகாசம். 2012-இல் விம்பிள்டன் இறுதி ஆட்டம் ஜூலை 8, அதே தரையில் ஒலிம்பிக் டென்னிஸ் ஜூலை 28. தேய்ந்துபோன கோட்டோரங்களில், முன்கூட்டியே முளைகட்டிய ரைபுல் விதையைப் போட்டு அந்த இருபது நாளில் பசுமையை மீட்டார்கள்.

போட்டி தொடங்கியபின் நீர் பாய்ச்சுவது இரவில்தான். பகலில் குழாயும் சேறும் பார்வையாளர் காலில் சிக்கும். தொட்டிகளில் பத்துக்கு ஒன்றாவது உபரியாக நிழலில் இருக்கட்டும். வாடிய பூவைத் தினமும் விடியலில் கிள்ளிவிடுங்கள். விதை கட்ட விட்டால் செடி அடுத்த மொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.