மேகத்துக்குள் காது சொல்லும் பொய்

விமானம் மேகத்துக்குள் நுழைந்து ஜன்னல் முழுக்க வெள்ளையாகும்போதெல்லாம் எனக்கு 1999 ஜூலை 16 இரவுதான் நினைவுக்கு வரும்.

முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவை நோக்கித் தன் சிறிய பைப்பர் விமானத்தை ஓட்டிச் சென்றார். கூட மனைவியும் மனைவியின் அக்காவும். கீழே இருண்ட கடல், சுற்றிலும் மூட்டம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்கு, அதாவது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, பயிற்சியைத் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை. விமானம் கடலில் விழுந்து மூவருமே இறந்துபோனார்கள். இன்றும் மனம் கனக்கிறது.

வெளியே எதுவும் தெரியாதபோது விமானிக்கு வரும் குழப்பம் தொடங்குவது காதில். விமானம் மெதுவாகச் சாய்ந்து ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் திரும்புவதை உணர்த்தும் உள்காதின் திரவம் அடங்கிவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். சரி, சாய்வை நிமிர்த்தினால்? எதிர்ப்பக்கம் சாய்வதுபோல இருக்கும்! கை தானாகப் பழைய சாய்வுக்கே திருப்பும். துணிச்சல் இதற்கு மருந்தல்ல, பயிற்சிதான் மருந்து. அமெரிக்காவில் இந்தத் தகுதிக்குப் பொதுவாக 40 மணி நேரம் கேட்கிறார்கள். பெரும்பாலும் வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பு மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட வழி காட்டியவர் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க்கின் மிட்செல் ஃபீல்டில், முழுக்க மூடிய காக்பிட்டுக்குள் உட்கார்ந்து கிளம்பி, சுற்றி வந்து, தரையிறங்கினார். பாதுகாப்புக்காக, மூடாத முன் இருக்கையில் இருந்தவர் இன்னொரு விமானி பென் கெல்சி. தான் எதையும் தொடவில்லை என்று தெரிய, கைகளை வெளியே தூக்கிக் காட்டியபடி வந்தார்.