ஐ-70 நெடுஞ்சாலையில் மூன்று டீசல் பிக்கப்புகள்

டென்வரிலிருந்து மேற்கே கிளம்பும் ஐ-70 நெடுஞ்சாலை, ராக்கி மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, யூட்டா மாநிலத்தின் செம்பாறை நிலத்துக்குள் இறங்குகிறது. கோடை விடுமுறையில் மூன்று தமிழ்க் குடும்பங்களாக, ஆளுக்கொரு டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு, இந்தச் சாலை வழியே பிரைஸ் கேன்யன் வரை சென்றோம். எங்களுடையது கம்மின்ஸ் எஞ்சின் பொருத்திய 2021 ராம் 2500. நண்பர்களில் ஒருவரிடம் ஃபோர்டு எஃப்-250, மற்றவரிடம் செவர்லே சில்வராடோ 2500 எச்டி. அவையும் ஏறத்தாழ அதே வயதுடைய டீசல் வண்டிகள்தாம். ஒரே சாலையில், ஒரே வெயிலில், ஏறக்குறைய ஒரே எடையை மூன்றும் இழுத்துச் செல்வதைப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை என்பதால், காட்சிகளைவிட வண்டிகளைப் பற்றியே இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

இந்த மூன்றில் எது சிறந்தது என்ற விவாதம் அமெரிக்காவில் தலைமுறைகளைக் கடந்தது. விற்பனைக் கூடத்தில் அது எப்போதும் எண்களில்தான் தொடங்கும். எங்கள் ராமின் 6.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் 850 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) தருகிறது, சில்வராடோவின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 910, ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 1,050. இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் அச்சிடப்படும் எண்ணோ இந்த வகுப்பில் 20,000 பவுண்டை நெருங்குகிறது. எங்கள் டிரெய்லர் தண்ணீரும் சாமானும் ஏற்றிய நிலையில் சுமார் 9,000 பவுண்டுதான். அப்படியானால் பாதித் திறனில்தானே ஓடுகிறோம் என்று தோன்றும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர் வேறு கணக்கைச் சொல்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து வண்டியின்மேல் எவ்வளவு எடை அமரலாம் என்பதே அதில் உள்ள எண். 2500 வகை வண்டிகளில் பல 10,000 பவுண்டு மொத்த எடை என்ற வரம்புக்குள் பதிவாகின்றன. டீசல் எஞ்சினோ பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனமானது. அந்தக் கனம் முழுவதும் சுமக்கும் திறனிலிருந்தே கழிகிறது. ஆகவே அந்த வரம்புக்குள் வரும் டீசல் 2500 ஒன்று உண்மையில் சுமக்கக்கூடியது 2,000 பவுண்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். பின்புற ஹிட்சில் (இணைப்புக் கொக்கியில்) மாட்டும் டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின்மேல் இறக்குகிறது. எங்கள் டிரெய்லருக்கு அது 1,100 பவுண்டுக்கு மேல். நான்கு பேர், ஹிட்ச், பின்னால் அடுக்கிய விறகு, ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்தபோது மிச்சம் என்று சொல்ல அதிகம் இல்லை. பிக்கப்பின் தளத்துக்கு நடுவே மாட்டும் ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லராக இருந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடை வண்டியின்மேல் இறங்கும். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலை அத்தகைய 2500 இழுத்துவிடும், ஆனால் சுமக்காது. புறப்படும் முன் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்கில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் மூன்று வண்டிகளையும் ஏற்றி, அச்சு வாரியாக எடை பார்த்துக்கொண்டோம். சில டாலர் செலவில் கிடைக்கும் அந்தச் சீட்டு, விளம்பரப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும்விட நம்பத் தகுந்தது.

விளம்பர எண் பொய் என்று சொல்ல வரவில்லை. எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2008-இல் ஜே2807 என்ற பொது அளவுகோலை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றத்தை, கடும் வெயிலில், குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறிக்காட்ட வேண்டும் என்பது அதன் முக்கியமான சோதனைகளில் ஒன்று. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம் போன போக்கில் எண் அச்சிட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும், அந்த உச்ச எண் ஓட்டுநரையும் ஒரு பயணியையும் தவிர வண்டியில் அதிகம் ஏதும் இல்லாத நிலைக்குரியது; குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களுக்கு உரியதன்று.

டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜார்ஜ்டவுனைக் கடந்து ஏறினால், கண்டத்தின் நீர்ப்பிரி கோட்டுக்கு அடியில் குடையப்பட்ட ஐசனோவர் சுரங்கம் வருகிறது. மேற்கு வாயில் 11,158 அடி. மேற்கு நோக்கிய குழாய் 1973-இலும், கிழக்கு நோக்கியது 1979-இலும் திறக்கப்பட்டன. இந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீதத் திறனை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. சுரங்க வாயிலை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டர்போ காற்றை அழுத்தித் தருவதால் டீசல்களுக்கு அந்த இழப்பு பெரிய அளவில் இல்லை. எங்கள் மூன்று வண்டிகளும் ஏற்றத்தில் மற்றப் போக்குவரத்தோடு சேர்ந்தே ஓடின. ஃபோர்டு சற்று எளிதாக முன்னே போனது உண்மைதான். அதன் பத்து கியர் பெட்டி எஞ்சினை எப்போதும் சரியான சுழற்சியில் வைத்திருந்தது. செவர்லேயின் பத்து கியர் அலிசன் பெட்டியும் அப்படியே. எங்கள் ராமுக்கு ஆறு கியர்தான் என்பதால், கியர் மாறும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் குரல் நன்றாகவே மாறியது. ஆனால் 200 பவுண்டு-அடி கூடுதல் டார்க் என்ன மாற்றம் தந்தது என்று கேட்டால், மலை உச்சிக்குச் சில நொடிகள் முன்னதாகப் போய்ச் சேரலாம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வேறுபாடு தெரிந்தது சுரங்கத்தின் மறுபக்கத்தில். மேற்கு வாயிலிலிருந்து சில்வர்த்தார்ன் வரை ஏறத்தாழ எட்டு மைல், இடையிடையே ஏழு சதவீதச் சரிவு வரை. பிரேக் செயலிழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கான சரளைப் பாதைகள் அந்தச் சரிவின் ஓரத்தில் அமைக்கப்பட்டுள்ளன. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஓட்டுபவர்கள், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பார்கள். அதே விதிதான் இங்கும். ஆனால் டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்று நுழையும் வழியை அடைக்கும் திராட்டில் கிடையாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் வண்டி போதுமான அளவு மட்டுப்படாது.

இந்தக் குறையை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர், கம்மின்ஸ் நிறுவனத்தை 1919-இல் இண்டியானாவின் கொலம்பஸ் நகரில் தொடங்கியவர்களில் ஒருவரான கிளெசி கம்மின்ஸ். 1931-இல் தன் டீசல் லாரியில் நாட்டைக் குறுக்கே கடக்கும் பயணத்தின்போது, கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், ரயில் பாதையில் வந்துகொண்டிருந்த சரக்கு ரயிலிடமிருந்து மயிரிழையில் தப்பினார். பல ஆண்டுகள் கழித்து, எஞ்சினையே பிரேக்காக மாற்றும் அமைப்பை வடிவமைத்தார். ஜேக் பிரேக் என்ற பெயரில் 1961 முதல் அது லாரிகளுக்கு வந்தது. பிக்கப்புகளில் இருப்பது அதே அமைப்பு அன்று. இங்கே இருப்பது எக்ஸாஸ்ட் பிரேக்: டர்போவின் மாறும் இறகுகள் மூடிக்கொண்டு, புகை வெளியேறும் வழியை நெருக்கி, எஞ்சினுக்குள் எதிர் அழுத்தத்தை உண்டாக்குகின்றன. ராமில் 6.7 லிட்டர் எஞ்சின் அறிமுகமான 2007 முதலும், ஃபோர்டிலும் செவர்லேயிலும் 2011 மாடல் முதலும் இது நிறுவனப் பொருத்தமாகவே வருகிறது. அதற்கு முந்தைய பழைய வண்டிகளை வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தானியங்கி நிலையில் வைத்துவிட்டு இறங்கினோம். எங்கள் வண்டியில் எட்டு மைலிலும் பிரேக் மிதியைத் தொட வேண்டிய தேவை மிகக் குறைவாகவே வந்தது. மற்ற இரண்டும் நன்றாகவே பிடித்தன. ஆயினும் கம்மின்ஸின் பிடி கைக்கு உறுதியாகத் தெரிந்தது என்பதை, அதுவரை தன் வண்டியைத் தவிர வேறொன்றைப் புகழாத ஃபோர்டு நண்பரே ஒப்புக்கொண்டார். அடுத்து வந்த வேய்ல் (Vail) கணவாயின் மறுபக்கத்திலும் இதே கதைதான். சொகுசில் மட்டும் செவர்லேதான் முதல். முன்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் சஸ்பென்ஷன் அதற்கு மட்டுமே உண்டு. எங்கள் ராமின் பின்புறத்தில் பட்டைவில்லுக்குப் பதிலாகச் சுருள்வில் இருப்பதால் காலியாக ஓட்டும்போது மென்மையாக இருக்கிறது; கனம் ஏறும்போது மற்றவற்றைவிடச் சற்று அதிகமாகக் குந்துகிறது.

நம்பகத்தன்மையைப் பற்றி மூன்று ரசிகர் கூட்டங்களும் பேசுவதைக் கேட்டால், ஒவ்வொன்றும் தனக்குச் சாதகமான ஆண்டுகளை மட்டும் நினைவில் வைத்திருப்பது தெரியும். ஃபோர்டுக்கு நாவிஸ்டார் நிறுவனம் தயாரித்துத் தந்த 7.3 லிட்டர் எஞ்சின் இன்றும் கொண்டாடப்படுகிறது. அதே கூட்டணியில் 2003-இல் வந்த 6.0 லிட்டர் எஞ்சின், எஞ்சினின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும், எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரும் பழுதாவதால் பெயர் கெட்டது. தன் 6.7 லிட்டர் எஞ்சினை 2011 மாடல் முதல் ஃபோர்டு தானே தயாரிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் இசுசுவோடு சேர்ந்து 2001-இல் கொண்டுவந்த முதல் டியூராமேக்ஸில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் தொல்லை தந்தன. 2006-07 காலத்து எல்.பி.இசட். பதிப்பைப் பழைய வண்டிச் சந்தையில் இன்றும் தேடி வாங்குகிறார்கள். கம்மின்ஸின் 5.9 லிட்டர் எஞ்சின் டாட்ஜ் வண்டிகளில் (இன்றைய ராமின் முன்னோடிகள்) 1989 மாடல் முதல் பெற்ற நல்ல பெயர் நியாயமானது. ஆனால் 2013 முதல் 2019 வரையிலான ராம் வண்டிகளின் மாசுக் கட்டுப்பாட்டு மென்பொருள் தொடர்பாக, கம்மின்ஸ் நிறுவனம் 1.675 பில்லியன் டாலர் அபராதத்துக்கு 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது உயர் அழுத்த எரிபொருள் பம்ப். அமெரிக்காவில் 2006 முதல் சாலை வண்டிகளுக்கான டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 15 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் செயல்முறையில் டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடுவதால், சேர்மானங்கள் கலந்து அதை ஈடுகட்டுகிறார்கள். அப்படி ஈடுகட்டியும், வழவழப்புச் சோதனையில் உலோகத்தில் விழும் தேய்மான வடு அமெரிக்கத் தரத்தில் 520 மைக்ரான் வரை இருக்கலாம். ஐரோப்பியத் தரத்தில் அது 460. பாஷ் (Bosch) நிறுவனத்தின் சி.பி.4 என்ற உயர் அழுத்தப் பம்ப் இந்த வழவழப்பையே நம்பி இயங்குவது. உள்ளே தேய்மானம் தொடங்கினால் உலோகத் துகள்கள் எரிபொருள் குழாய், இன்ஜெக்டர் என எல்லா இடங்களுக்கும் பரவிவிடும். பம்போடு சேர்த்து முழு அமைப்பையும் மாற்றும் செலவு 10,000 டாலரை எட்டக்கூடும். 2011 முதல் 2016 வரை டியூராமேக்ஸில் இந்தப் பம்ப் இருந்தது. 2017-இல் டென்சோ பம்புக்கு மாறினார்கள். ராம் 2019-இல் சி.பி.4-க்குப் போய், 2021-இல் பழைய சி.பி.3 வகைக்குத் திரும்பியதோடு, இடைப்பட்ட வண்டிகளையும் திரும்ப அழைத்தது. ஃபோர்டு தொடர்ந்து சி.பி.4-ஐயே பயன்படுத்துகிறது. எங்கள் நண்பரின் வண்டியில் இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆயினும் அவர் கூட்டம் அதிகமுள்ள பங்குகளில் மட்டுமே நிரப்புவதையும், தண்ணீர் பிரிப்பானைத் தவறாமல் வடிப்பதையும், ஃபில்டரை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுவதையும் பழக்கமாக வைத்திருக்கிறார். நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டதை எங்கள் வண்டிக்கும் செய்கிறேன்.

எரிபொருள் நிரப்பும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்கள் நிற்கும் பக்கத்தில் டிரெய்லரோடு திரும்புவது தலைவலி; லாரிகளுக்கான பாதையில் எளிதாக நுழையலாம், புகையின் மாசைக் குறைக்க ஊற்றும் டி.இ.எஃப். எனப்படும் யூரியா கரைசலும் அங்கே குழாயிலேயே கிடைக்கும், டப்பாவில் வாங்குவதைவிட விலையும் குறைவு. பாரம் இழுக்கும்போது யூரியா வேகமாகத் தீரும். முற்றிலும் தீர்ந்தால் வண்டி தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பல பங்குகளில் டீசலுக்குப் பச்சைக் கைப்பிடி என்றாலும், சில நிறுவனங்கள் அதே பச்சையைப் பெட்ரோலுக்கு வைத்திருக்கின்றன. எழுத்தைப் படித்துவிட்டே கைவைக்க வேண்டும். சிவப்புச் சாயமிட்ட மலிவு டீசல் வயல் இயந்திரங்களுக்கானது, சாலையில் ஓட்டினால் அபராதம். பயோடீசல் கலவை குளிரில் சீக்கிரம் உறைவதால், குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் நிரப்பிய கலவையை நம்பி ஏறாமல், மலையூர்களில் கிடைக்கும் குளிர்காலக் கலவையை நிரப்பிக்கொள்வது நல்லது.

யூட்டாவில் கிரீன் ரிவர் ஊரைக் கடந்தால் சலைனா வரை நூறு மைலுக்கு மேல் ஒரு பங்குகூடக் கிடையாது. அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகளில் எந்தச் சேவையும் இல்லாத நெடிய பகுதி இதுதான். சான் ரஃபேல் பாறைச் சுவரைப் பிளந்து ஏறும் அந்தப் பகுதியில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டது. மூன்று வண்டிகளும் கேலனுக்குப் பத்து மைலை ஒட்டியே கொடுத்தன. ஒன்றுக்கொன்று இருந்த வித்தியாசத்தை ஓட்டுபவரின் காலே தீர்மானித்தது. எங்கள் தொட்டி முப்பது கேலனைச் சற்றுத் தாண்டும் என்பதால் கவலை இல்லை.

டீசல்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு, எடையைப் பார்த்தே பதில் சொல்வேன். ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிட்டால் டீசலுக்குச் சுமார் 10,000 டாலர் கூடுதல். டீசல் விலையும் இப்போது பெரும்பாலும் பெட்ரோலைவிட அதிகம். ஆண்டுக்கு ஓரிரு முறை 6,000 பவுண்டு டிரெய்லரை இழுப்பவர், அந்தப் பணத்தை மைலேஜால் திரும்பப் பெறவே முடியாது. கொலராடோ பங்குகளில் சாதாரண பெட்ரோல் 85 ஆக்டேன் என்பதை மட்டும் அவர் கவனித்து, 87-ஐ நிரப்பினால் போதும். 9,000 பவுண்டுக்கு மேல் மலையேறுபவருக்கோ, இறக்கத்தில் கிடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்காகவே டீசல் தகும். நாங்கள் அடுத்து ஃபிஃப்த் வீல் வாங்கும் எண்ணத்தில் இருப்பதால், அதே கம்மின்ஸ் எஞ்சினோடு, சுமக்கும் திறன் கூடிய 3500 வண்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.