உப்புத் தண்ணீர் குடித்த கரிசல் தொட்டி

2024 கோடையில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தது நினைவிருக்கும். ஒயிட்ஃபீல்டில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு போர்வெல்தான், பேஸ்மென்ட்டில் கடின நீரை மென்னீராக்கும் வாட்டர் சாஃப்ட்னர். அதில் மூட்டை உப்பைக் கரைத்து விட்டு வடியும் கழிவுத் தண்ணீரை வீணாக்குவானேன் என்று பக்கெட்டில் பிடித்து என் தொட்டிகளுக்கு ஊற்றினேன்.

கறிவேப்பிலை நுனி கருகியது, சரி, அது உப்பு. ஆனால் அந்தத் தொட்டியில் இருந்தது கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த கரிசல். முதல் மழை விழுந்ததும் மேலே கலங்கல் தண்ணீர் குளம் கட்டி நின்றது, இரண்டு நாளாகியும் தெளியவில்லை, இறங்கவும் இல்லை. காய்ந்தபின் ஓடு மாதிரி இறுகிவிட்டது. பக்கத்துச் செம்மண் தொட்டிக்கு இவ்வளவு கேடு இல்லை.

கரிசலில் அதிகம் இருக்கும் களிமண் மான்ட்மோரில்லோனைட் வகை. அது மெல்லிய தகடுகளால் ஆனது. தகட்டுக்குள் சில இடங்களில் அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும், அதனால் தகட்டில் எதிர்மின்சுமை மிஞ்சி நிற்கும், அதை ஈடுகட்ட கால்சியம், சோடியம் போன்ற நேர்மின்சுமை கொண்ட அயனிகள் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியவை ஆள் மாறும். இங்கிலாந்தில் வேதியியலாளர் தாமஸ் வே 1850-லேயே மண்ணில் அம்மோனியம் உப்பை ஊற்றி, கீழே அதற்கு ஈடாகக் கால்சியம் வெளியேறுவதைக் காட்டிவிட்டார். செம்மண்ணில் முக்கியமாக இருக்கும் கயோலினைட்டுக்கு இந்தப் பிடிமானம் மிகக் குறைவு.

நீர்த்த கரைசலில் கால்சியத்தைத்தான் களிமண் விரும்பும். ஆனால் ஒரு கால்சியம் போக இரண்டு சோடியம் வர வேண்டும், அதனால் கணக்கில் சோடியம் வர்க்கமாக வருகிறது: கரைசலைப் பத்து மடங்கு கெட்டியாக்கினால் சோடியத்தின் வர்க்கம் நூறு மடங்கு, கால்சியம் பத்தே மடங்கு, தராசு சோடியம் பக்கம் சாய்ந்துவிடும். சாஃப்ட்னருக்குள் இருக்கும் மணிகளில் படிந்த கால்சியத்தை உப்பு விரட்டுவதும் இதே கணக்கில்தான், அதே வேலையை என் தொட்டியிலும் செய்துவிட்டது.

உப்பு கெட்டியாக இருந்தவரை மண் திரண்டே கிடந்தது. மழை உப்பைக் கழுவிய பிறகுதான் வினை. சோடியம் ஒற்றை மின்சுமை கொண்ட அயனி, தகடுகளை இரட்டை மின்சுமை கொண்ட கால்சியம் போல இழுத்துப் பிடிக்காது, அவை பிரிந்து மிதந்து துவாரங்களையெல்லாம் அடைத்துவிட்டன.

வெறும் தண்ணீரால் இது தீராது, கால்சியம் வேண்டும். மேலோட்டைக் குத்திக் கிளறி ஒரு கைப்பிடி ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கலந்து, தண்ணீர் விட்டு வடித்தேன், அப்புறம் மறுபடியும். நாலாவது தடவை அடித்துளையில் தண்ணீர் தெளிவாக வந்தது. கறிவேப்பிலைத் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது.