கல்லூரிக் கட்டணம்: வங்கிக்கு முன் இ-சேவை மையம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சென்னையில் பலர் நேராக வங்கிக்கு ஓடுகிறார்கள். முதலில் போக வேண்டியது இ-சேவை மையத்துக்கு. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் கவுன்சிலிங்குக்கு முன்பே கையில் இருக்கட்டும்.

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சிலிங் சீட்டுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்திருந்தாலும் கிடையாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வரவில்லையா? ஆதார் இணைப்பைப் பாருங்கள். கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது வேறு, வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ வழியாக அரசு உதவித்தொகைக்குக் கணக்கை இணைப்பது வேறு. இரண்டாவதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். பல கணக்குகள் இருந்தால், கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். அம்மா பெயரில் இருக்கும் கணக்கு உதவாது.

அதற்குப் பிறகும் பற்றாக்குறை என்றால்தான் கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை மார்ஜின் (நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கிடையாது, 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் கிடையாது. கிளையில் வாய்மொழியாக மறுத்தால் விட்டுவிடாதீர்கள். வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவு இருக்கும். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும், முடிந்தால் அதை மட்டுமாவது அவ்வப்போது கட்டிவிடுங்கள்.