பயிற்சிக்கு வந்த மாமா

தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு மாமாவும் வருகிறார் என்றதுமே அத்தை, "பாவம்பா அந்தத் தேனீங்க" என்றார். அத்தை சொல்லி எது நடக்காமல் போயிருக்கிறது?

நேற்று, கூட்டம் பிரியும் பருவத்துக்கான (பழைய ராணி பாதித் தேனீக்களோடு கூட்டைவிட்டுக் கிளம்பும் காலம்) செய்முறை வகுப்பு. வெளிர் நிற உடுப்பு, பேன்ட் நுனி சாக்ஸுக்குள், சென்ட் கூடாது என்றெல்லாம் முன்பே சொல்லியாகிவிட்டது. மாமா கறுப்புக் கம்பளி ஸ்வெட்டரில் வந்து இறங்கினார். கறுப்பாக, முடி முடியாக எது நெருங்கினாலும் கூட்டைக் கலைக்க மிருகம் வருகிறது என்றுதான் தேனீ எடுத்துக்கொள்ளும். மாமாவைப் பொறுத்தவரை அதைத் தப்புக்கணக்கு என்றும் சொல்ல முடியாது. போதாததற்குக் கையில் பாதி தின்ற வாழைப்பழம். கொட்டுகிற தேனீ மற்றவர்களை உசுப்பிவிட வெளியிடும் வாசனையில் முக்கியமான சரக்கு ஐசோஅமைல் அசிடேட். பழுத்த வாழைப்பழத்தின் மணத்திலும் அதேதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கூட்டு வாசலுக்கு நேராக நிற்காதீர்கள் என்று தேனீப் பெட்டியின் பக்கவாட்டுக்கு நகர்த்துவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

அடுத்து புகைமூட்டி, தேனீக்களை அடக்கப் புகை ஊதும் துருத்தி வைத்த டப்பா. "அடுப்பு மூட்டத் தெரியாதவனா நான்?" என்று டப்பா நிறையச் சாக்குத் துணியைத் திணித்து, உச்சியில் தீக்குச்சியைப் போட்டார் மாமா. மேலே கொஞ்சம் கருகியது, அணைந்தது. அடியில் கொஞ்சம் பற்றவைத்து, துருத்தியை அழுத்தித் தீ நன்றாக எழுந்த பிறகுதான் மேலே மேலே அடைக்க வேண்டும். கடைசியில் ஒரு பிடி பச்சைப் புல். அது பொறியைத் தடுத்துப் புகையையும் குளிர வைக்கும். புறங்கையில் ஊதிப் பார்த்தால் சுடக் கூடாது. வாசலில் இரண்டு மூன்று ஊது, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருப்பு, அவ்வளவு போதும். புகை அந்த அபாய வாசனையை மறைக்கும். தேனீக்களும் வீடு தீப்பிடித்ததென்று தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு மந்தமாகும். மாமா கையில் துருத்தி கிடைத்ததும் கொசு மருந்து அடிக்கிற வேகத்தில் அடித்தார். தேனீக்கள் நிதானமாக இருந்தன, இருமியது நாங்கள்.

பெட்டிக்குள் அடை கட்டிய மரச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். மூடியைத் திறந்ததும் மாமா நடுச் சட்டத்தில் கை வைத்தார். எல்லாரும் ஒரே குரலில் "ஐயோ!" நெருக்கமாக இருக்கும் நடுச் சட்டத்தை உருவினால் தேனீக்கள் உரசி நசுங்கும். நசுங்குவது ராணியாகவும் இருக்கலாம். ஓரச் சட்டத்தை உளியால் நெம்பி முதலில் வெளியே வைத்து, அந்த இடைவெளிக்கு ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டுத் தூக்க வேண்டும். தூக்கியதைப் பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பார்க்க வேண்டும், ராணி தவறினாலும் உள்ளேயே விழட்டும் என்று.

ராணியைத் தேடியே தீருவேன் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். தேடவே வேண்டாம். வெயிலை முதுகுக்கு வாங்கி, சட்டத்தைச் சாய்த்து அறைகளின் அடியைப் பார்த்தால் முட்டை தெரியும். முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள். "தெரியுது, தெரியுது" என்றார் மாமா. அவர் பிடித்திருந்தது தேன் சட்டம்.

ஆனால் ராணி அறைகளை, அதாவது பிரியப்போகும் கூட்டம் புது ராணியை வளர்க்கும் அறைகளைக் கண்டுபிடித்தது அவர்தான், மறுக்க முடியாது. புழு அறைச் சட்டத்தின் கீழ் விளிம்பில் நிலக்கடலை மாதிரி ஏழெட்டு தொங்கின. தேனீக்கள் மொய்த்து மறைத்திருக்கும், சட்டத்தை உதறினால் உள்ளே இருக்கும் ராணிப்புழு கெட்டுவிடும், தூரிகையால்தான் தள்ளிப் பார்க்க வேண்டும். "எல்லாத்தையும் கிள்ளிப் போட்டுட்டா பிரச்சினை தீர்ந்தது, மாப்ளே" என்றார். புதிதாக வருகிற எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். முட்டையிட்ட எட்டாவது, ஒன்பதாவது நாளில் ராணி அறை மூடப்படும். மழை குறுக்கிடாவிட்டால் அதையொட்டிப் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடுவாள். இந்தப் பருவத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறப்பது அதனால்தான். அவள் போன பிறகு தெரியாமல் எல்லா அறையையும் கிள்ளினால் பெட்டியில் ராணியும் இல்லை, ராணியாக வளர்க்க இளம் புழுவும் இல்லை. இங்கே பழைய ராணி இருந்தாள். அவளைப் புழுச் சட்டம் இரண்டு, தேன் சட்டம் ஒன்று, அவற்றில் ஒட்டியிருந்த தேனீக்களோடு வேறு பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியில் நல்லதாக ஒரே ஒரு ராணி அறையை விட்டோம்.

"சரி, தேன் எப்போ?" இதையும் கேட்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. அடையில் பெரும்பகுதி மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், எடுத்து வைத்தால் புளிக்கும். சட்டத்தைப் படுக்கவைத்து உதறினால் சொட்டுகிறதா, இன்னும் நாள் இருக்கிறது. மாமா உதறினார். பேன்டெல்லாம் தேன்.

இதற்கு மேல்தான் உண்மையான எரிச்சல். சட்டங்களை எடுத்த வரிசையிலேயே அடுக்கியதும் மொத்தக் கூட்டமும் செல்பி எடுத்துக்கொண்டு மாயமாகிவிட்டது. புகைமூட்டியின் மூக்கில் புல்லை அடைத்து அணைக்க ஆளில்லை. உளியைச் சலவை சோடாவில் கழுவ ஆளில்லை. சுரண்டிப் போட்ட மெழுகில் தேன் ஒட்டியிருக்கிறது. அதை அப்படியே விட்டால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் மோப்பம் பிடித்து வந்து, பலவீனமான பெட்டியைக் கொள்ளையடிக்கத் தொடங்கிவிடும், அதுவும் நாங்கள் இப்போதுதான் பிரித்து வைத்த பெட்டியை. அடுத்த வகுப்பில் முதல் வேலையே சுரண்டுவதும் கழுவுவதும்தான் என்று குரூப்பில் போட்டேன். பத்தே நிமிடத்தில் அத்தை போன் செய்தார். மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம், அடுத்த வாரம் வரைக்கும் இருக்குமாம்.