கோபத்துக்கு முன்னால் வருவது அவமானம்

நார்சிசம் என்றாலே தற்பெருமை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெருமை மேல்தோல்தான், அடியில் இருப்பது சட்டென்று சுருங்கிப்போகும் மனசு. பாராட்டு கிடைக்கும்வரை நிமிர்ந்து நிற்கும், சின்னக் குறை சொன்னால் கொதித்துவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-இல் இது ஆளுமைக் கோளாறாக இடம்பெற்றது. இன்றைய பதிப்பில் 9 அறிகுறிகள். குறைந்தது 5 இருந்து, வாழ்க்கையும் பாதிக்கப்பட்டால்தான் கோளாறு. அதனால் கோபக்கார மேலாளருக்கெல்லாம் இந்தப் பட்டத்தைக் கட்டாதீர்கள்.

தன்னிடமே இதைக் கண்டவர் எங்கே தொடங்குவது? குறை கேட்ட அந்த நிமிடத்தில். "அறிக்கையின் இரண்டாம் பக்கம் புரியவில்லை" என்கிறார் சக ஊழியர். முகம் சூடாகிறது. "உனக்கு என்ன தெரியும்?" என்பது நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அங்கே கோபத்துக்கு முன்னால் வந்தது அவமானம். அதை அந்தப் பெயரிலேயே எழுதிவையுங்கள். பதிலை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பிறகு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, "இதுதானே?" என்று கேளுங்கள்.

மன்னிப்பில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "நீ வருத்தப்பட்டிருந்தால் மன்னித்துவிடு" என்பது பழியை எதிராளி தலையில் போடுவது. "எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன், தப்பு." செய்ததைச் சொல்லி, 'ஆனால்' போடாமல் நிறுத்துங்கள்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சுவழிச் சிகிச்சை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். சிகிச்சையாளர் ஒரு குறையைச் சுட்டியதும் போவதையே நிறுத்திவிடத் தோன்றும். அந்த வாரமும் போங்கள். அந்த எரிச்சலையே அங்கே பேசுங்கள்.